இமயம் ஏறப்போகிற டெல்டாக்காரருக்கு எந்தக் கம்பளி?

தஞ்சாவூரில் மார்கழி விடியலில் 20 டிகிரியை ஒட்டி இறங்கினாலே தெருவில் பாதிப் பேர் குரங்கு குல்லாவோடுதான் பால் வாங்க வருகிறார்கள். அவர்களில் சிலர் இப்போது ஜனவரியில் உத்தராகண்டுக்குப் போய் கேதார்காந்தா ஏறுவதற்குப் பெயர் கொடுத்துவிட்டு, "என்ன ஸ்வெட்டர் வாங்கலாம்?" என்று கேட்கிறார்கள். அந்த மலையின் உச்சி சுமார் 12,500 அடி. ஜனவரி இரவில் பூஜ்யத்துக்குக் கீழே ஐந்து, பத்து டிகிரி போவது அங்கே சாதாரணம்.

யாத்திரைக்காரர்கள் கூட்டம் இதைவிடப் பெரியது. கேதார்நாத்துக்கும் காவிரிக்கரைக்கும் பழைய உறவு. சீர்காழியில் பிறந்த சம்பந்தர் அந்தத் தலத்தைப் பாடியிருக்கிறார். ஆனால் காளத்தியில் இருந்தபடியே பாடினார் என்பதுதான் மரபு. நமக்கு அந்தச் சலுகை கிடையாது. கௌரிகுண்டில் இறங்கி 16 கிலோமீட்டருக்கு மேல் நடந்து 3,583 மீட்டர் உயரத்துக்குப் போயாக வேண்டும். வைணவர்களுக்கு நேபாளத்தில் முக்திநாத் இருக்கிறது. அது 3,700 மீட்டருக்கும் மேலே.

மூன்றாவதாக, வெளிநாட்டில் இருக்கும் நம்மவர்கள். கனடாவில் வேலை பார்க்கும் என் மச்சான் ஒருவர் அங்கே உரிமம் எடுத்து, நண்பர்களோடு நவம்பரில் மான் வேட்டைக்குப் போகிறவர். இந்தியாவில் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகு அந்தப் பேச்சுக்கே இடமில்லை. ஆனாலும் வேட்டைக்காரர்களின் உடுப்பிலிருந்து மலை ஏறுகிறவர் தெரிந்துகொள்ள வேண்டியது நிறைய இருக்கிறது. குறிப்பாக, எதை வாங்கக்கூடாது என்பது.

குளிர் உடுப்பு வாங்குவதற்கு முன் கேட்க வேண்டிய முதல் கேள்வி, அங்கே போய் நீங்கள் நடக்கப் போகிறீர்களா, உட்காரப் போகிறீர்களா என்பதுதான். மான் வேட்டைக்காரர் விடியலுக்கு முன் போய் மரத்தில் கட்டிய பரணில் அசையாமல் மணிக்கணக்கில் உட்கார்ந்திருப்பார். உடம்பு தானாகச் சூடு உண்டாக்கிக்கொள்ள வழியில்லை. அதனால் கனமான கம்பளி வேண்டும். மலை ஏறுகிறவர் உடம்போ பத்தே நிமிடத்தில் அடுப்பாகிவிடும். அவருக்குப் பிரச்சினை குளிரைவிட வியர்வை. ஏறும்போது நனைந்த உள்ளாடை, நின்ற மறுநிமிடம் முதுகில் பனிக்கட்டியை வைத்ததுபோல் ஆகிவிடும். நம் ஊர் உடம்பு வேறு சுலபமாக வியர்த்துப் பழகியது.

வியர்வை என்று வந்ததும் பருத்தி தோற்றுவிடுகிறது. ஆண்டு முழுக்க நாம் போடுகிற திருப்பூர் பனியன் நம் வெயிலுக்குச் சொர்க்கம். குளிர் மலையில் அது வியர்வையைக் குடித்து, காயாமல், உடம்போடு ஒட்டிக்கொள்ளும். கடைகளில் "தெர்மல்" என்று கிடைப்பதில் பலவும் பருத்தியோ பருத்திக் கலப்போதான். கொடைக்கானலில் ஏரியைச் சுற்றி நடக்க அது போதும். பனியில் நடக்கப் போதாது.

கம்பளி இழை தன் உலர்ந்த எடையில் சுமார் 30 சதவீதம் வரை நீராவியை உள்ளே இழுத்துக்கொள்ளும். அப்போதும் தொட்டால் ஈரம் தெரியாது. இழுக்கும்போது கொஞ்சம் சூட்டையும் வெளிவிடும். சுருள் சுருளான இழை என்பதால் நடுவில் காற்று தங்குகிறது, நனைந்தாலும் அந்தச் சுருள் முழுசாகப் படுத்துவிடுவதில்லை. இதெல்லாம் உண்மை. ஆனால் நனைந்தால் கனக்கும், காய நேரமாகும் என்பதும் உண்மை. கொட்டுகிற மழையில் கம்பளி ரெயின்கோட் வேலை செய்யும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

சரி, கடைக்குப் போவோம். மார்கழி நெருங்கும்போது நடைபாதையில் திபெத்தியர்கள் விரிக்கும் கடைதான் நமக்குத் தெரிந்த ஸ்வெட்டர் கடை. பெரும்பாலும் லூதியானாவிலிருந்து வருகிற சரக்கு. பார்க்க அழகு, விலை கட்டுப்படி, பேரமும் பேசலாம். ஆனால் அதில் முக்கால்வாசி அக்ரிலிக், அதாவது செயற்கை நூல். கேஷ்மிலான் என்று சொன்னால் காஷ்மீர் ஆடு ஞாபகம் வரும். அதுவும் அக்ரிலிக் நூல்தான். அக்ரிலிக் காய்ந்திருக்கும்வரை கதகதப்பாகத்தான் இருக்கும். கம்பளி மாதிரி வியர்வை ஆவியை உள்வாங்காது, இரண்டே நாளில் நாற்றம் பிடிக்கும், நெருப்புப் பொறி பட்டால் உருகும். ராத்திரி ரயிலுக்கும் ஊட்டி பஸ்ஸுக்கும் நான் இன்னும் அதைத்தான் போடுகிறேன். மலை ஏற அதை எடுக்க மாட்டேன்.

வாங்கியது கம்பளிதானா என்று பார்க்க வீட்டில் ஒரு சோதனை உண்டு. உள்தையலிலிருந்து ஒரு நூலை உருவித் தீக்குச்சியில் காட்டுங்கள். கம்பளி என்றால் முடி கருகும் வாடை வரும், நெருப்பை எடுத்தால் தானே அணையும், சாம்பலை விரலால் நசுக்கினால் பொடியாகும். அக்ரிலிக் கறுப்புப் புகையோடு எரிந்து கெட்டியான மணியாக உறையும். கலப்பு நூல் இரண்டையும் காட்டிக் குழப்பும். அப்போது லேபிளைத்தான் பார்க்க வேண்டும். கம்பளிக்கான தர முத்திரையாக 1964-இல் வந்த உல்மார்க்கிலேயே வகைகள் உண்டு. ஒன்று முழுக் கம்பளி, இன்னொன்று பாதிக்குக் குறையாத கலப்பு, மற்றொன்று 30 சதவீதத்திலிருந்து பாதிவரை. முத்திரை இருக்கிறது என்றவுடன் பணத்தை எடுத்து நீட்டாமல் எந்த முத்திரை என்று பாருங்கள்.

நிஜக் கம்பளிக்கு வந்தால் அதிலும் இரண்டு உலகம். கம்பளி என்றதும் நமக்கு ஞாபகம் வருவது அறுவடை முடிந்த வயலில் கிடை போடும் செம்மறிகள். ராமநாதபுரம் பக்கத்திலிருந்து கீதாரிகள் ஓட்டி வரும் அந்த ஆடுகளின் மேல் இருப்பது முடி. நூற்கும் கம்பளி இல்லை. அவை வயலுக்கு எருவும் கீதாரிக்குக் கூலியும் தருவதோடு சரி. தமிழ்நாட்டில் மெல்லிய கம்பளிக்குப் பேர்போனது நீலகிரிச் செம்மறி ஒன்றுதான். 19-ஆம் நூற்றாண்டில், மெல்லிய கம்பளி தரும் மெரினோ உள்ளிட்ட வெளிநாட்டு இனங்களும் கோயம்புத்தூர்ச் செம்மறியும் கலந்து உருவானது. ஊட்டி அருகே சாண்டிநல்லாவில் அதைக் காப்பாற்ற ஆராய்ச்சி நிலையமே இருக்கிறது. எண்ணிக்கையில் அவ்வளவு குறைவான இனம். அதன் கம்பளியில் தைத்த பனியனைக் கடையில் தேட வேண்டாம்.

தோலில் படும் துணிக்கு இழையின் தடிமன்தான் எல்லாம். மெரினோ உள்ளாடைகள் பொதுவாக 17 முதல் 19 மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரான்) இழையில் வரும். 30 மைக்ரானைத் தாண்டிய இழையின் முனை தோலில் பட்டு வளையாமல் குத்தும். பாட்டி வீட்டுக் கறுப்புக் கம்பளி அரித்ததற்குக் காரணம் இந்தத் தடிமன்தான், கம்பளி என்பதல்ல. "எனக்குக் கம்பளி ஒத்துக்காது" என்று சொல்லும் பலர் மெரினோவைப் போட்டுப் பார்த்ததே இல்லை.

இமாச்சல், உத்தராகண்ட் கிராமங்களில் கையால் பின்னிய ஸ்வெட்டர், தொப்பி, கையுறை, குல்லுவின் பட்டுச் சால்வை (நம் பட்டு இல்லை, தடித்த கம்பளிப் போர்வை) எல்லாம் முரட்டு இழை. உள்ளே ஒரு சட்டை போட்டு அதற்கு மேல் போட வேண்டியவை. அப்படிப் போட்டால் அருமையானவை, விலைக்கு மேல் உழைக்கும். இங்கிருந்து தூக்கிக்கொண்டு போகாமல் அங்கே போய் வாங்குவது புத்திசாலித்தனம். பின்னியவர் கையில் காசு போகும், பையிலும் இடம் மிச்சம். ஒரே ஒரு எச்சரிக்கை: சுற்றுலாக் கடைவீதியில் "கையால் பின்னியது" என்று தொங்குவதிலும் அக்ரிலிக் நிறைய. தீக்குச்சி ஞாபகம் இருக்கட்டும்.

மெரினோவில்தான் காசைப் போடுவேன். எடை 150, 200, 250 என்று எழுதியிருக்கும். சதுர மீட்டருக்கு இத்தனை கிராம் என்று பொருள். நடந்துகொண்டே இருப்பவருக்கு 150 அல்லது 200 சரி. 250 உட்காருகிறவருக்கு, அல்லது கூடாரத்தில் தூங்கும்போது போட. நம் ஊர்க்காரர்கள் கடையில் தடவிப் பார்த்து "இவ்வளவு மெலிசா இருக்கே, இது குளிர் தாங்குமா?" என்று 250-ஐ எடுத்துவிடுவார்கள். ஏறத் தொடங்கிய அரை மணியில் அதைக் கழற்றவும் முடியாது, போட்டிருக்கவும் முடியாது. ஒரு தடித்ததைவிட இரண்டு மெலிசு எப்போதும் மேல். 1924-இல் எவரெஸ்டில் காணாமல்போன பிரிட்டிஷ் மலையேறி மல்லரியின் உடல் 1999-இல் கிடைத்தபோது, அவர் பட்டும் பருத்தியும் கம்பளியுமாக மெல்லிய துணிகளை ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டிருந்தது தெரிந்தது. அடுக்கிப் போடும் யோசனை அவ்வளவு பழையது.

மெரினோவின் இன்னொரு குணத்தை யாத்திரைக்காரர்கள் உடனே புரிந்துகொள்வார்கள். குளிக்காமல் நாலைந்து நாள் போட்டாலும் அவ்வளவாக நாறாது. மூன்று நாளாகக் குளிக்காத பத்துப் பேர் ஒரே கூடாரத்தில் படுக்கும்போது பாலியெஸ்டர்காரர் யார் என்பது இருட்டிலும் தெரியும்.

குறைகளையும் சொல்ல வேண்டும். விலை: ஒரு நல்ல மெரினோ பனியன் காசுக்கு நடைபாதை ஸ்வெட்டர் நாலைந்து வாங்கிவிடலாம். உழைப்பு: 150 எடைத் துணி சீக்கிரம் ஓட்டை விழும், பையின் வார் உரசும் தோள்பட்டையில் உருண்டை உருண்டையாகப் பிசிறு கட்டும். கொஞ்சம் நைலான் கலந்த மெரினோ இதில் நிமிர்ந்து நிற்கும். அந்தக் கலப்பைக் குறையாக நினைக்க வேண்டாம். சீக்கிரம் காய வேண்டும் என்பதே உங்கள் முதல் தேவை என்றால் பாலியெஸ்டர் பனியன் மெரினோவை ஜெயிக்கும், விலையிலும் பாதிக்குக் கீழே. வைகாசியில் கேதார்நாத், மழை வரலாம், இரண்டு நாளில் திரும்பிவிடுவோம் என்பவருக்கு அதுவே போதும்.

இனி வேட்டைக்காரரின் கோட்டு. சிவப்பும் கறுப்பும் கட்டம் போட்ட தடித்த கம்பளி ஜாக்கெட்டைப் படங்களில் பார்த்திருப்பீர்கள். 1830-இல் பென்சில்வேனியாவில் தொடங்கிய உல்ரிச், 1897-இல் சியாட்டிலில் தொடங்கிய ஃபில்சன், நியூசிலாந்தின் ஸ்வான்ட்ரி எல்லாம் இந்த வகைக்குப் பேர்பெற்றவை. வேட்டைக்காரர்கள் செயற்கைத் துணி வந்த பின்னும் இதை விடாததற்குக் காரணம் சூடு மட்டும் இல்லை, சத்தம். நைலான் ஜாக்கெட் ஒரு சுள்ளியில் உரசினால் சரசரக்கும், மான் காதைத் திருப்பும். கம்பளி உரசினால் ஓசையே வராது. அப்புறம் நெருப்பு: பாலியெஸ்டர் சுமார் 260 டிகிரியில் உருகித் தோலோடு ஒட்டும். கம்பளி தீப்பிடிக்க 570 டிகிரிக்கு மேல் வேண்டும், உருகவும் உருகாது. விறகடுப்பைச் சுற்றி உட்காரும் முகாமில் இது சின்ன விஷயம் இல்லை.

மச்சான் இப்படி ஒன்றை எனக்கு அனுப்பட்டுமா என்று கேட்டார். "மாப்ளே, ஒண்ணு வாங்கினா ஆயுசுக்கும் வரும்" என்றார். வரும்தான். ஆனால் எடை ஒன்றரை, இரண்டு கிலோ. நடக்கும்போது போட்டால் வேகும், கழற்றிப் பையில் வைத்தால் பை நிரம்பிவிடும், நனைந்தால் எருமைக்கன்றைச் சுமப்பதாகிவிடும். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். இந்தியாவில் இதற்குப் பொருத்தமான ஆட்கள் துப்பாக்கிக்குப் பதில் கேமரா வைத்திருப்பவர்கள். இமாச்சலின் ஸ்பிதியில் கிப்பர் பக்கம் பிப்ரவரியில் பனிச்சிறுத்தைக்காக நாளெல்லாம் காத்திருக்கும் புகைப்படக்காரருக்கு வேட்டைக்காரரின் நிலைமை அப்படியே பொருந்தும்: அசையக்கூடாது, சத்தம் கூடாது. கோடியக்கரையில் பூநாரை பார்க்கப் போகிறவருக்கும் சத்தமில்லாத துணி நல்லதுதான். ஆனால் அங்கே கம்பளி போட்டால் பறவைக்கு முன் நாம் விழுந்துவிடுவோம்.

நடக்கிறவருக்கு மேலடுக்கு எது என்றால், நடுவில் ஒரு ஃப்ளீஸ் (பஞ்சுபோன்ற பாலியெஸ்டர் மேலாடை) அல்லது மலைக் கிராமங்களில் பின்னும் பஹாடி ஸ்வெட்டர், எல்லாவற்றுக்கும் மேலே காற்றும் மழையும் புகாத ஒரு மெல்லிய ஜாக்கெட். கம்பளிப் பின்னலுக்குள் காற்று தாராளமாகப் புகும், அதனால் அந்த மேலுறை இல்லாமல் எவ்வளவு நல்ல ஸ்வெட்டரும் மலை முகட்டில் வேலைக்கு ஆகாது. இறகு அடைத்த டவுன் ஜாக்கெட் இவை எல்லாவற்றையும்விட எடைக்கு அதிகச் சூடு தரும். ஆனால் நனைந்தால் இறகு சுருண்டு பயனில்லாமல் போகும், அதனால் அதை நடக்கும்போது போடாமல் முகாமில் நின்றதும் போட வேண்டும். அதை வாங்காதீர்கள். கேதார்காந்தா ஏறத் தொடங்கும் சாங்க்ரியிலும் மணாலியிலும் வாடகைக்குக் கிடைக்கும். உடம்பில் படாத எதையும் வாடகைக்கு எடுக்கலாம் என்பது என் கணக்கு.

புடவை கட்டுகிறவர்களுக்கு யாரும் எழுதுவதில்லை, ஆனால் முக்திநாத் போகிற குழுவில் பாதிப்பேர் அவர்கள்தான். என் சித்தி புடவை தவிர வேறு உடுத்த மாட்டார். பாவாடைக்குள் மெரினோ லெக்கின்ஸ், மேலே மெலிந்த முழுக்கை மெரினோ, அதற்கு மேல் ஒரு சுற்று தளர்வாகத் தைத்த ரவிக்கை, இதுதான் சரிப்பட்டது. வழக்கமான ரவிக்கை உள்ளே பனியனோடு ஏறவே ஏறாது. கிளம்புவதற்கு முன்பே தைத்து வைத்துக்கொள்ள வேண்டும். சால்வையைவிட முன்பக்கம் பொத்தான் வைத்த ஸ்வெட்டர் நல்லது, சால்வையைப் பிடித்துக்கொண்டே ஒரு கையால் கம்பை ஊன்ற முடியாது. கரை பனியில் இழுபட்டு நனையும், அதைக் கணுக்காலுக்கு மேல் தூக்கிக் கட்டுவதைத் தவிர வேறு வழி எனக்குத் தெரியவில்லை. வேட்டிதான் கட்டுவேன் என்கிற பெரியப்பாக்களுக்கும் இதே லெக்கின்ஸ்தான். வெளியே தெரியாது என்று சொன்னால் போட்டுக்கொள்வார்கள்.

கைக்காசு மிகக் குறைவு என்றால் பனியனுக்கு முன் காலுறையை வாங்குங்கள். மெரினோ கலந்த தடித்த காலுறை இரண்டு ஜோடி: நடக்க ஒன்று, தூங்கும்போது மட்டும் போட ஒன்று. பள்ளிக்கூடக் காலத்துப் பருத்தி சாக்ஸ் ஈரமானால் முதல் நாளே கொப்புளம், பனியில் விரல் மரத்துப்போகும். ஷூ வாங்கும்போது இந்தக் காலுறையைப் போட்டுக்கொண்டே அளவு பாருங்கள், இல்லாவிட்டால் ஷூ இறுக்கி ரத்த ஓட்டம் குறைந்து இன்னும் குளிரும்.

வாங்கினதோடு முடிந்துவிடுவதில்லை. அந்தக் கம்பளி மலையில் இருப்பது ஒரு வாரம், மிச்ச நாளெல்லாம் டெல்டாவின் ஈரக்காற்றில் நம் பீரோவுக்குள்தான். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் சுவரே வியர்க்கும் வீடுகளில் பூஞ்சணம் ஒரு பக்கம், துணி தின்னும் அந்துப்பூச்சியின் புழு மறுபக்கம். புழுவுக்கு வேண்டியது கம்பளியில் இருக்கும் புரதம். வியர்வையும் சாப்பாட்டுக் கறையும் ஒட்டியிருந்தால் அதற்கு இன்னும் கொண்டாட்டம். அக்ரிலிக்கை அது சீந்தாது, அந்த ஒரு விஷயத்தில் நடைபாதை ஸ்வெட்டருக்குத்தான் வெற்றி. துவைக்காமல் மடித்து வைக்காதீர்கள். துவைத்து நன்றாகக் காய்ந்தபின் காற்றுப் புகாத பையில் போட்டு மூடுங்கள். அந்துருண்டை போடலாம், ஆனால் அதன் வாடை அடுத்த யாத்திரைவரை கூடவே வரும். வேப்பிலை போட்டால் போதும் என்பார்கள். விலை கொடுத்து வாங்கிய மெரினோவை அதை நம்பி நான் வைக்க மாட்டேன். பூச்சி வந்துவிட்டதோ என்று சந்தேகம் இருந்தால் பையோடு ஃப்ரீசரில் ஒரு வாரம் வைத்து எடுங்கள், முட்டையும் புழுவும் சாகும்.

துவைப்பதில் ஒரே விதி: துவைக்கிற கல் பக்கமே போகக்கூடாது. கம்பளி இழையின் மேல் நுண்ணிய செதில்கள் உண்டு. வெந்நீரிலும் சோடா காரத்திலும் போட்டு அடித்தால் அவை ஒன்றோடொன்று பூட்டிக்கொண்டு, அப்பாவின் ஸ்வெட்டர் பையனுக்குச் சேர்ந்துவிடும். மெஷினில் போடலாம் என்று லேபிள் சொல்கிற மெரினோவில் அந்தச் செதிலை முன்பே மழுக்கியிருப்பார்கள். அதையும் குளிர்ந்த தண்ணீரில், மென்மையான சுழற்சியில்தான் போட வேண்டும். மற்றதற்கு ஈஸி மாதிரி கம்பளிக்கான திரவ சோப்போ பூந்திக்கொட்டைத் தண்ணீரோ போதும். முறுக்கிப் பிழியாமல் துண்டில் சுருட்டி ஈரத்தை அழுத்தி எடுத்துவிட்டு நிழலில் பாயில் பரப்புங்கள். கொடியில் தொங்கவிட்டால் தண்ணீர்க் கனத்தில் நீண்டுவிடும்.

இந்தப் பராமரிப்புக் கணக்கையும் சேர்த்துத்தான் நான் வாங்குவதைச் சுருக்கச் சொல்கிறேன். முதல் தடவை பனி ஏறுகிறவருக்கு மெரினோ முழுக்கைப் பனியன் ஒன்று, அதே எடையில் லெக்கின்ஸ் ஒன்று, காலுறை இரண்டு ஜோடி. கூட மாற்றிக்கொள்ள ஒரு பாலியெஸ்டர் பனியன். ஃப்ளீஸ் வீட்டில் இருப்பதே போதும். தொப்பியும் கையுறையும் அங்கே பின்னி விற்பவரிடம். மழை ஜாக்கெட் இருந்தால் எடுத்துப் போங்கள், டவுன் ஜாக்கெட் வாடகை. அடுத்த வருடமும் போவேன் என்று தெரிந்தபின் மிச்சத்தை வாங்கிக்கொள்ளலாம். பிள்ளைகளைக் கூட்டிப் போகிறவர்கள் அவர்களுக்கு மெரினோவில் காலுறை மட்டும் வாங்கினால் போதும். பனியனை அடுத்த தைக்குள் தாண்டி வளர்ந்துவிடுவார்கள், அதனால் அது பாலியெஸ்டரிலேயே இருக்கட்டும்.